சூசாமிருக்கு மேலே மூன்று நிமிடம்

தெற்கிலுள்ள ஓஷிலிருந்து தலைநகர் பிஷ்கெக் போகும் காலை விமானத்தில் தனக்கு இடப்பக்கத்து ஜன்னலோர இருக்கைதான் வேண்டும் என்று துர்சுனாய் பத்து நாளுக்கு முன்பே சொல்லி வாங்கியிருந்தாள். வலப்பக்கம் ஆகாது. இறக்கை மறைக்கிற வரிசையும் ஆகாது. "முக்கால் மணி நேரப் பயணத்துக்கு இத்தனை நிபந்தனையா அக்கா?" என்று டிக்கெட் போட்ட பெண் சிரித்தாள். "வெளிய பாக்காட்டி எனக்குத் தலை சுத்தும்மா" என்றாள் துர்சுனாய். அது பொய். அவளுக்குத் தலை சுற்றியதெல்லாம் மகள் ஜாஸ்குலை நினைத்துத்தான்.

ஜாஸ்குல் ஏப்ரலில் கல்யாணமாகி, மே மாதக் கடைசியில் புகுந்த வீட்டாரோடு சூசாமிர் மலை மேய்ச்சலுக்கு ஏறிப் போனவள். அதுவரை ஓஷில் மருந்துக்கடையில் வெள்ளை அங்கி போட்டு நின்ற பெண். குதிரையைச் சந்தையில் பார்த்ததோடு சரி, அதன் மடியில் கை வைத்ததில்லை. மலையில் போன் எடுக்காது. ஒரு மேட்டில் ஏறினால் கொஞ்சம் எடுக்குமாம்; ஆனால் அந்த மேட்டில் வீட்டு ஜனம் மொத்தமும் சுற்றி நிற்கும். "நல்லாயிருக்கியா?" என்று கேட்டால் "நல்லாயிருக்கேம்மா" என்றுதான் சொல்வாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்வாள்?

ஆகவே துர்சுனாய் ஒரு கடிதம் எழுதி, மலையிலிருந்து குதிரைப்பால் ஏற்றி வரும் வண்டிக்காரனிடம் கொடுத்தனுப்பினாள். விஷயம் இவ்வளவுதான்: ஜூலை இரண்டாம் வியாழன் காலை விமானத்தில் நான் உன் தலைக்கு மேலே வருவேன். நீ சந்தோஷமாக இருந்தால், சீதனமாகத் தந்த பன்னிரண்டு சிவப்புப் பஞ்சு மெத்தைகளையும் வெயிலில் காயப் போடுவதுபோல வரிசையாக விரித்து வை. யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்; மாமியாரிடமும் சொல்ல வேண்டாம். மனசு சரியில்லையென்றால் ஒன்றையும் விரிக்காதே. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அதே வண்டிக்காரன் பதில் கொண்டுவந்தான். ஜாஸ்குல் அம்மாவைப்போலவே எதையும் எண் போட்டு எழுதுகிறவள்.

"ஒன்று: முதலில் பெரிய நீலத் தண்ணீர் வரும். இரண்டு: அதைத் தாண்டியதும் மரமே இல்லாத நீளப் பள்ளத்தாக்கு, அதுதான் சூசாமிர். மூன்று: அதில் கிடாக்கொம்பு மாதிரி வளைந்த ஒரு மலையைத் தேடு. நான்கு: அதன் அடியில் உட்கார்ந்த கிழவர் மாதிரி ஒரு கறுப்புப் பாறை. ஐந்து: கிழவரின் முதுகுப் பக்கம் எங்கள் இரண்டு கூடாரங்கள். பெரியது மாமியாருடையது, சின்னது எங்களுடையது. விமானம் எங்களுக்குக் கிழக்கே போகிறது, அதனால் நீ இடப்பக்கம் உட்கார வேண்டும்."

மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதை நேரில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, செவ்வாய்க்கிழமை சம்பந்தியம்மா வந்து சேரும்வரை. ஜாஸ்குலின் மாமியார் கான்ஷாயிம், தங்கை பேரனைத் தொட்டிலில் போடும் விருந்துக்காக மலையிலிருந்து இறங்கிப் பத்து நாளாக ஓஷில் இருந்தாள். வந்த ஊரில் சம்பந்தி வீட்டுப் படி ஏறாமல் போவது முறையில்லையே. ஆட்டுக்கறி, புலாவ், தேநீர் எல்லாம் முடிந்து கை துடைக்கும் நேரத்தில், துர்சுனாயின் கணவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "இவ வியாழக்கிழமை பிஷ்கெக்தான் போறா, தம்பி வீட்டுக்கு" என்று போட்டு உடைத்தார்.

"அடடே, தனியாவா? நானும் அதுலயே வந்து, அங்கேருந்து மலைக்கு வண்டி புடிச்சுக்கறேன்!" என்று கான்ஷாயிம் அங்கேயே தங்கை மகனுக்குப் போன் போட்டு, பக்கத்து இருக்கையை வாங்கிவிட்டாள்.

மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருமகளின் மனசை வேவு பார்ப்பது எப்படி? துர்சுனாய் இரண்டு இரவு யோசித்தாள். கடைசியில், ஜன்னல் என் பக்கம்தானே, தூங்குகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்த்துவிடலாம் என்று தைரியப்படுத்திக்கொண்டாள். கணவரின் வேட்டைப் பைனாகுலரைக் கைப்பைக்குள் ரொட்டிக்கு அடியில் வைத்தாள்.

விமானத்துக்குள் ஏறி ஒன்பதாம் வரிசையை அடைந்தபோதுதான் அந்தப் பிழை நடந்தது.

கூடாரத்தில் ஆனாலும் வீட்டில் ஆனாலும், வாசலுக்கு எட்டத்தில் இருக்கும் உள்ளிடம்தான் மரியாதைக்குரியவருக்கு. நடைபாதையில் நின்று பார்த்தால் ஜன்னல்தான் உள்ளிடம். துர்சுனாயின் மூளை யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "நீங்க உள்ள போய் உக்காருங்க சம்பந்தியம்மா."

"ஐயோ வேணாம், உங்க சீட்டு."

"அட, உக்காருங்க."

"வேணாங்கறேன்ல, நீங்க போங்க."

இரண்டு முறை அழைப்பது உபசாரம். இரண்டு முறை மறுப்பதும் உபசாரம். அதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் குறையில்லை. ஆனால் ஐம்பது வருஷப் பழக்கம் நாக்கைப் பிடித்துத் தள்ள, துர்சுனாய் மூன்றாவது முறையும் சொன்னாள்: "நீங்க பெரியவங்க. உள்ளதான் உக்காரணும்."

மூன்றாவது அழைப்பை மறுத்தால் அவமரியாதை. "அவ்வளவு சொல்றப்ப..." என்று கான்ஷாயிம் உள்ளே நகர்ந்து, அகலமாக, வசதியாக, ஜன்னலை முழுக்க மறைத்து உட்கார்ந்தாள். துர்சுனாய் நடு இருக்கையில் அமர்ந்து தன் நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டாள். இந்தப்பக்கம், உயரமான கம்பளித் தொப்பி போட்ட முலாம்பழ வியாபாரி ஒருவர் வந்து நிறைந்தார்.

விமானம் கிளம்பியதும் கான்ஷாயிமின் வாயும் கிளம்பியது.

"இதோ ஜலாலாபாத்."

"அது ஊஸ்கென், அம்மா" என்றார் வியாபாரி, கழுத்தை நீட்டி.

"ஊஸ்கென்னா நெல் வயல் தெரியணுமே?"

"தெரியுதே. பளபளன்னு தண்ணி கட்டியிருக்கு பாருங்க."

"அது தகரக் கூரை."

"நான் அந்த ரோட்டுல இருவது வருஷம் லாரி ஓட்டினவன்!"

"லாரி ஓட்டினவனுக்கு முன்னாடி போற லாரியோட முதுகுதான் தெரியும்" என்றாள் கான்ஷாயிம். வியாபாரி தோற்றதை ஒப்புக்கொள்கிற மாதிரி சிரித்துக்கொண்டு ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்.

அடுத்து வாதுமை மரக் காடு வந்தது. கரும்பச்சையாக, மலைச்சரிவில் யாரோ போட்டுவிட்டுப் போன ஆட்டுத்தோல் மாதிரி. துர்சுனாய் மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு நிமிடம். கான்ஷாயிமின் தோளுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே ஒரு கை அகலத்துக்கு வெளிச்சம் இருந்தது. அதன் வழியாகத்தான் அவள் உலகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

"இந்தத் தெற்கத்திச் சீமையில எல்லா எடத்துலயும் மரத்தை நட்டு வச்சிருக்கீங்க. கண்ணுக்குக் காத்தோட்டமே இல்ல" என்றாள் கான்ஷாயிம்.

"எங்க மரத்துல வாதுமை காய்க்கும் சம்பந்தியம்மா. உங்க மொட்ட மலையில என்ன காய்க்குது?"

"ஆடு!"

மூவரும் சிரித்தார்கள். துர்சுனாயின் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

இருபதாவது நிமிடம் தொக்தோகுல் ஏரி வந்தது. மலைகளின் மடியில் சிந்திக் கிடக்கும் நீலம். விரல் விரலாகப் பள்ளங்களுக்குள் நுழைந்திருந்தது. ஒன்று சரி என்று துர்சுனாய் மனதுக்குள் குறித்துக்கொண்டாள். அப்புறம் ஒரு கணவாய், அதைத் தாண்டி ஒரு மரம்கூட இல்லாமல் நீளமாகப் படுத்துக் கிடந்த பச்சை. இரண்டும் சரி.

"இதான் எங்க சூசாமிர்" என்றாள் கான்ஷாயிம். குரல் தானாகத் தாழ்ந்திருந்தது.

இனிமேல் பொறுக்க முடியாது. துர்சுனாய் ரொட்டியைத் தள்ளிவிட்டுப் பைனாகுலரை எடுத்தாள்.

"என்ன சம்பந்தியம்மா, போருக்கா போறீங்க?"

"சும்மா... மலை பாக்கலாம்னு."

"மலைதான் வீடு அளவுக்கு நிக்குதே, இது எதுக்கு?"

துர்சுனாய் சம்பந்தியின் மடிக்கு மேலே சாய்ந்து கண்ணாடியில் பைனாகுலரை ஒட்டினாள். கிடாக்கொம்பைத் தேடினாள். கொம்பு எங்கே? கீழே இருந்ததெல்லாம் மடிப்பு மடிப்பாகக் கசங்கிய ஒரே துணி. நிமிர்ந்து நிற்பது எதுவும் இல்லை. எல்லா மலையும் படுத்துவிட்டது. உட்கார்ந்த கிழவர் எங்கே? கறுப்புப் பாறை நூறு இருந்தது, ஒன்றும் உட்காரவில்லை. குதிரை மேல் வருகிறவனுக்கு வழி சொல்வதுபோல அந்தப் பெண் எழுதிவிட்டாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"கொம்பு மாதிரி மலைன்னு சொன்னாளே" என்று அவளை அறியாமல் வாய் முணுமுணுத்தது.

"மேலேருந்து பாத்தா எந்தக் கிடாவுக்கும் முதுகுதான் தெரியும், கொம்பு தெரியாது" என்றார் வியாபாரி. "என்ன தேடறீங்களோ சீக்கிரம் தேடுங்க. இன்னும் மூணு நிமிஷம். அப்புறம் தோ-அஷூ கணவாய் வந்துடும், பள்ளத்தாக்கு மறைஞ்சுடும்."

"யாரு சொன்னா?" என்று கேட்டாள் கான்ஷாயிம். அவள் வியாபாரியைப் பார்க்கவில்லை. "கிடாக்கொம்பு எங்க வீட்டு மலை. அதைப் பத்தி உங்ககிட்ட யாரு சொன்னா?"

மூன்று நிமிடத்தில் பொய் ஜோடித்துக்கொண்டிருக்க துர்சுனாய்க்கு நேரமில்லை. மகளா, சம்பந்தி மரியாதையா என்று ஒரு மூச்சு தயங்கினாள். மகள்தான்.

"ஜாஸ்குல் எழுதினா. அவ அங்க சந்தோஷமா இருந்தா மெத்தை பன்னெண்டையும் வெளிய விரிச்சு வைக்கச் சொன்னேன். மேலேருந்து பாத்துக்கறேன்னேன்."

"இல்லைன்னா?"

"விரிக்க மாட்டா."

"விரிக்கலைன்னா நீங்க என்ன பண்றதா இருந்தீங்க?"

"தம்பி காரை எடுத்துக்கிட்டு நாளைக்கே மேல ஏறி, கூட்டிட்டு வந்திருப்பேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம."

"உங்ககிட்ட கேட்டா நல்லாயிருக்கான்னுதானே சொல்வீங்க?" துர்சுனாயின் குரல் உடைந்தது. "எந்த மாமியார் வேற மாதிரி சொல்வா? கோவிச்சுக்காதீங்க. எனக்கு ஒரே பொண்ணு."

கான்ஷாயிமின் அகலமான முகம் முதலில் சிவந்தது. அப்புறம் அந்தச் சிவப்பும் போயிற்று. ஜன்னல் பக்கம் திரும்பி, "நான் கல்யாணமாகி வந்தப்ப எனக்கு இப்படி யாரும் பாக்க வரல" என்றாள், கண்ணாடியிடம் சொல்வதுபோல. பிறகு கையை நீட்டினாள். "அதைக் குடுங்க இங்க. உங்களுக்கு இந்த ஜென்மத்துல கிடைக்காது. நான் தேடறேன்."

பைனாகுலரைக் கண்ணில் வைத்தவள் முதலில் வானத்தைப் பார்த்தாள், பிறகு இறக்கையைப் பார்த்தாள், ஒருவழியாகப் பூமியைப் பிடித்தாள்.

"கொம்பு, கிழவர்னு அதெல்லாம் விடுங்க. ரோட்டைப் புடிக்கணும். இதோ ரோடு. ரோட்டை ஒட்டி ஆறு. எங்க ஓடை செம்மண் ஓடை. மழை பேஞ்சா ஆத்துல விழற எடத்துல பாதி ஆறு செவப்பா, பாதி ஆறு வெள்ளையா ஓடும். நேத்து மழை இருந்துச்சுன்னா..." அவள் மூச்சைப் பிடித்தாள். "இருக்கு! ரெட்டைத் தண்ணி! பாருங்க!"

துர்சுனாய் வெறும் கண்ணால் பார்த்தாள். நூல் மாதிரி ஒரு ஆறு; அதில் ஒரு சின்ன நீளத்துக்கு இரண்டு நூல், ஒன்று செங்கல் நிறம்.

"அங்கேருந்து ஓடை வழியா மேல வரணும். ஒரு வளைவு. ரெண்டாவது வளைவு. குதிரை கட்டற எடம். இதோ, வந்துட்டேன்." கான்ஷாயிம் தன் வீட்டு வாசலுக்கே நடந்து வந்து சேர்ந்தவளைப்போலப் பேசினாள். உடனே பேச்சு நின்றது.

"மெத்தை இருக்கா?"

"இல்ல."

"சரிவுல? வரிசையா?"

"புல்லுதான் இருக்கு."

துர்சுனாய் இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். விமானம் ஆடவில்லை, அவள்தான் ஆடினாள்.

"சம்பந்தியம்மா" என்றாள் கான்ஷாயிம். இந்தமுறை குரலில் மாமியார் இல்லை. "ரெண்டு வெள்ளைப் புள்ளி இருக்கணும். பெருசு, சிறுசு. ஒண்ணுதான் இருக்கு. சின்னவங்க கூடாரத்தைக் காணோம்."

"காணோம்னா?"

"பிரிச்சுட்டாங்களோ என்னமோ. பிரிச்சா மலையை விட்டே போயிட்டாங்கன்னுதான் அர்த்தம்." அவள் பைனாகுலரைக் கண்ணில் இன்னும் அழுத்தித் தேடினாள். "நான் ஒரு நாள் கத்தினேன். மறைக்கல. குதிரைக் குட்டியை அவுத்து விட்டுட்டா, அது தாய்கிட்ட ஒட்டக் குடிச்சிருச்சு, ஒரு வேளைப் பால் போச்சு. கொஞ்சம் சத்தமாத்தான் கத்திட்டேன். அன்னிக்கு அவ சாப்பிடாம படுத்தா. மறுநாள் நானே தலை வாரி விட்டேன். அதோட சரியாப் போச்சுன்னு நெனச்சேன். சரியாப் போகலையா?"

"எனக்கென்ன தெரியும்" என்றாள் துர்சுனாய். கோபமாகச் சொல்ல நினைத்தாள், அழுகையாக வந்தது. கான்ஷாயிமின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதை அவளே கவனிக்கவில்லை.

"ரெண்டு நிமிஷம்" என்றார் வியாபாரி மெதுவாக. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

விமானப் பணிப்பெண் வந்து, "அம்மா, பெல்ட்டைப் போட்டு நேரா உக்காருங்க, இறங்கப் போறோம்" என்றாள். வியாபாரி அவளைப் பார்த்து, "கொஞ்சம் பொறு தாயி, இங்க ஒரு குடும்பம் காணாமப் போயிருக்கு" என்றார். அவள் ஒன்றும் புரியாமல், ஆனால் நகராமல், அங்கேயே நின்றாள்.

"இருங்க" என்றாள் கான்ஷாயிம் திடீரென்று. "இருங்க, இருங்க. வெள்ளைக்குப் பக்கத்துல ஒரு செவப்பு இருக்கு."

"செவப்பா?"

"உருண்டையா. தக்காளி மாதிரி. கூடாரம் அளவுக்கு... அடிப்பாவி!" அவள் போட்ட சத்தத்தில் முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின. "கூடாரத்து மேல போட்டிருக்கா! மெத்தை மொத்தத்தையும் கூரை மேல போத்தியிருக்கா!"

"கூரை மேலயா?"

"தரையெல்லாம் ஈரம்ல! ராத்திரி மழை பேஞ்சிருக்கு, புல்லுல போட்டா பஞ்சு நனைஞ்சுரும். அதான் தூக்கி மேல போட்டிருக்கா. வெள்ளைக் கூடாரம் சம்பந்தியம்மா! போன இலையுதிர்காலம் முழுக்க நான் தண்ணி தெளிச்சு, உருட்டி, மிதிச்சுப் பண்ணின புதுக் கம்பளி! அதை மெத்தை காயப்போடற கொடியாக்கிட்டா உங்க பொண்ணு!"

அவள் திட்டிக்கொண்டே பைனாகுலரைத் துர்சுனாயின் கண்ணில் வைத்து அழுத்தினாள். முதலில் பச்சை, பிறகு கலங்கல், பிறகு அது. ஒரு வெள்ளை உப்புக்கல், அதற்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு. பன்னிரண்டு மெத்தையின் சிவப்பு. ஓஷ் சந்தையில் நாலு கடை ஏறி இறங்கி அவளே தேர்ந்தெடுத்த துணி. சிவப்பு உடனே தண்ணீராக நெளிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் கான்ஷாயிம் பைனாகுலரைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவ்வளவு உசரத்துல அவ தனியாப் போட முடியாது" என்றாள் கான்ஷாயிம், கணக்குப் போடும் குரலில். "கூரைக் கம்பால ரெண்டு பக்கமும் ஆள் தள்ளணும். எம் பையன் மிர்லான் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் யாரு? எங்க வீட்டுக் கிழவர்தான்! முதுகு வலி, வாளி தூக்க முடியாதுன்னு என்கிட்ட மூணு மாசமாப் படுத்துக் கெடந்தாரு. மருமகளுக்குன்னா பன்னெண்டு மெத்தையைக் கூரைக்கு ஏத்தறாரு. ஆக புருஷனுக்குத் தெரியும், மாமனாருக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

"உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் எழுதினேன்."

"சொல்லியிருந்தா நான் பெருசு மேலயும் சேத்துப் போட்டிருப்பேன்" என்றாள் கான்ஷாயிம். "ரெண்டும் செவப்பா இருந்திருக்கும். உங்களுக்கும் சட்டுனு தெரிஞ்சிருக்கும்."

துர்சுனாய் சிரித்தாள். இந்தமுறை சிரிப்பு உதட்டோடு நிற்கவில்லை. வயிறு குலுங்கியது, பெல்ட் இறுக்கியது. வியாபாரி தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு, பணிப்பெண்ணிடம், "கிடைச்சுட்டாங்கம்மா, நீ போகலாம்" என்றார். அவள் இரண்டு பெல்ட்டையும் தானே மாட்டிவிட்டுப் போனாள்.

"வெளிய யாராவது நிக்கறாங்களா?" என்று கேட்டாள் துர்சுனாய்.

"நிக்கறாங்க."

"யாரு?"

"உங்க பொண்ணுதான், வேற யாரு? கையைக் கண்ணுக்கு மேல வச்சு அண்ணாந்து பாக்கறா."

இந்த உயரத்திலிருந்து ஒரு குதிரை மந்தையே மிளகு சிந்தினாற்போலத்தான் தெரியும் என்பது துர்சுனாய்க்குத் தெரியாததல்ல. சற்றுமுன் தானே பார்த்தவள்தானே. இருந்தாலும் சம்பந்தியின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "மெலிஞ்சிருக்காளா?"

"மெலியறதா? எங்க வீட்டுப் பாலுலயா? கன்னம் ரெண்டும் உப்பிப் போய்க் கெடக்கு."

"தலையில துணி கட்டியிருக்காளா? காத்துக்கு அவளுக்குக் காது வலி வரும்."

கான்ஷாயிம் பைனாகுலரின் சக்கரத்தை மிகவும் கவனமாக ஒரு சுற்றுத் திருகினாள். "கட்டியிருக்கா. நீலத் துணி. காதை மூடி."

தோ-அஷூ வந்துவிட்டது. மலை பக்கவாட்டில் எழுந்து பள்ளத்தாக்கை மறைக்க, ஜன்னல் முழுக்க வெயில்பட்ட பனி நிறைந்தது. கான்ஷாயிம் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"சாப்பிட்டாளா?" என்றாள் துர்சுனாய்.

"இப்பதான் உக்காந்திருக்கா" என்றாள் கான்ஷாயிம், பனியைப் பார்த்துக்கொண்டே.